பிசிறு வெட்டும் வேலை

தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம், சார். எனக்கு இனிப்பு நீர். உட்கார்ந்தே செய்யும் வேலையில் அது சீக்கிரம் வந்துவிடுகிறது.

என் பெயர் முத்தாயி. பெம்பானில் மலிவு விலை அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. முன்பு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினேன். தோட்டம் கைமாறியதும் வீட்டிலேயே ரப்பர் வளையம். கம்பெனி ஆள் நாகமுத்து வேனில் மூட்டை கொண்டுவருவார். வளையத்தைச் சுற்றியுள்ள பிசிறைப் பிளேடால் சீவ வேண்டும். கிலோவுக்குச் சில காசு. கீறல் விழுந்தால் அதுவும் கிடையாது. என் கண்ணில் புரை விழுந்த பிறகு கீறல் அதிகமானது. நாகமுத்து முகத்தைச் சுளிக்க ஆரம்பித்தார்.

அந்த நேரத்தில்தான் என் மகன் திவாகர் பவானேஸ்வரியைக் கட்டிக்கொண்டு வந்தான். அவன் லாரியோடு ஜொகூர் போய்விடுவான். நானும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்து சீவுவோம். தங்கமான கை அவளுக்கு. மூட்டை தவறாமல் வந்தது, பேச்சுத்துணையும் கிடைத்தது. அப்போது நான் சந்தோஷமாக இருந்தேன், சார். அதை ஏன் மறைக்க வேண்டும்.

தைப்பூசம் முடிந்த கையோடு அவளுக்கு ஜாசினில் ஒரு மினிமார்க்கெட்டில் கேஷியர் வேலை கிடைத்தது.

"மொத சம்பளத்துல ஒங்க கண்ண ஆஸ்பித்திரில காட்டிருவோம் லா, அத்தே" என்றாள்.

நல்ல மனசு. ஆனால் யோசித்துப் பாருங்கள்: கண் தெளிந்து என்ன செய்ய? அந்த மூட்டைக்கு முன்னால் நான் ஒண்டியாக அல்லவா உட்கார்ந்திருக்க வேண்டும்? எனக்குப் பயமாக இருந்தது.

வேலைக்கென்று அவள் காலில் போடக் கறுப்புச் சப்பாத்து வாங்கியிருந்தாள். அதை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். அடி ரப்பரிலுள்ள வரிகளைச் சீவக் கண்ணே தேவையில்லை, விரல் போதும். வழவழவென்று வந்தது. மறுநாள் நல்ல மழை, படியெல்லாம் ஈரம். பார்த்துப் போம்மா என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

படியில் சறுக்கினாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இனி நடமாட்டம் சிரமமாம். குளிப்பாட்டுவது, கழுவிவிடுவது எல்லாம் நான்தான். ஒரு நாள் சலித்துக்கொண்டதில்லை. முதுகுக்குத் தலையணை கொடுத்தால் முன்போலவே சீவுகிறாள்.

திவாகர் சப்பாத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறான். பெற்றவளையே போலீசில் காட்டிக்கொடுத்துவிட்டான், போகட்டும். நான் செய்ததுதான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் புதன்கிழமை வேன் வரும், சார். மூட்டையை மூன்று மாடி தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் வைக்க, என்னை விட்டால் அந்தப் பிள்ளைக்கு வேறு யார் இருக்கிறார்கள்?