ஹீட்டர் ஸ்விட்சை நான் போடவில்லை

என் பெயரும் கதவு எண்ணும் மேலே எழுதியிருப்பது சரிதான். வயது முப்பத்தொன்று. திருமணம் ஆகவில்லை. சலவைக் கடையில் இஸ்திரி போடும் வேலை செய்கிறேன். என் அக்காவுடனும் அவள் கணவருடனும் ஒரே வீட்டில் வசித்து வருகிறேன். அத்தான் வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் கடையில் விற்பனையாளர். எதையும் இரண்டு தரம் கேட்பது என் சுபாவம் என்பதால் அவர் என்னை "சி.ஐ.டி." என்றுதான் கூப்பிடுவார். இதையும் எழுத வேண்டுமா என்று வாக்குமூலம் எழுதும் போலீஸ் ஐயா கேட்டார். எழுதச் சொன்னேன்.

எங்கள் குளியலறையில் வெந்நீர் போடும் மின்சார ஹீட்டர் இருக்கிறது. அதன் ஸ்விட்ச் வெளியே, நடையில், கதவை ஒட்டிய சுவரில் உள்ளது. தண்ணீர் சூடானதும் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், உள்ளே ஆள் இருக்கும்போது வேறு யாரும் அதைத் தொடக் கூடாது என்பது அக்காவின் சட்டம். "அணைச்சாச்சு!" என்று தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்ட பிறகுதான் தாழ்ப்பாள் போடுவாள். "இவ என்ன ரயிலா ஓட்டுறா?" என்று அத்தான் கிண்டல் செய்வார்.

போன மாதம் ஹீட்டரைப் போட்டாலே மெயின் பெட்டியில் இருக்கும் ட்ரிப்பர் விழுந்து வீடு முழுக்கக் கரண்ட் போக ஆரம்பித்தது. எங்கோ கரண்ட் கசிகிறது, ஆளை வரச் சொல்லுங்கள் என்று நான் சொன்னேன். அத்தான், "ஹீட்டர் நல்லாத்தான் இருக்கு, ட்ரிப்பர்தான் போச்சு" என்று சொல்லி, தானே ஸ்டூல் போட்டு ஏறி, ட்ரிப்பரை விட்டுவிட்டு ஒயரை நேராகச் சேர்த்துவிட்டார். அதன் பிறகு எதுவும் விழவில்லை. விவரம் தெரியாத மனிதர் என்றால் நானும் தலையில் அடித்துக்கொண்டு விட்டிருப்பேன். ஆனால் நான் இஸ்திரிப் பெட்டி வாங்க அவர் கடைக்குப் போயிருந்தபோது, ஹீட்டர் பார்க்க வந்த ஒரு வயதான தம்பதியிடம் இவர், "எர்த் இல்லாம மாட்டாதீங்க. ட்ரிப்பர் விழுந்தா எரிச்சல்படாதீங்க, அது உங்க உயிரக் காப்பாத்துது. அத மட்டும் கழட்டி விட்டுடாதீங்கம்மா" என்று தேன் ஒழுகச் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். அதே வாய்தான் ஐயா.

அதன் பிறகு அத்தான் பச்சைத் தண்ணீரில் குளிக்க ஆரம்பித்தார். வெந்நீர் கொஞ்சம் ஆறினாலே வீட்டை இரண்டாக்குகிறவர். கேட்டதற்கு, "உடம்புக்கு நல்லதாம்" என்றார். நல்லதென்றால் எங்களையும் அப்படிக் குளிக்கச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நான் பயந்துபோய் எனக்கு அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டேன். அக்காவையும் கெஞ்சினேன். "அணைச்சிட்டுத்தானேடி போறேன்" என்று அவள் கேட்கவில்லை. அந்த மாதம் முழுக்க அத்தான் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, "உங்க அக்காகிட்ட சொல்லு" என்று என் மூலமாகத்தான் எல்லாம். காரணம் எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்ல மாட்டேன்.

சம்பவத்தன்று காலையில் அக்கா வழக்கம்போல் "அணைச்சாச்சு" என்று சத்தம் போட்டுவிட்டு உள்ளே போனாள். அதன் பிறகு நான் மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு நடை வழியாகப் போனபோது ஸ்விட்சில் சிவப்பு விளக்கு எரியவில்லை. அத்தான் அங்கே நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகு நான் அறைக்குள் போய் அலமாரியைத் திறந்தபோது அக்காவின் அலறல் கேட்டது. துணிகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தபோது சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் ஸ்விட்சை அணைத்தேன், அதன் பிறகு கதவை இடித்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்து உள்ளே போனேன். அக்கா குழாயடியில் சுருண்டு கிடந்தாள், உள்ளங்கை கருகியிருந்தது, கால்களில் நீல நிற ரப்பர் செருப்பு இருந்தது. அத்தான் குளியலறை வாசற்படிக்கு வெளியே நின்றபடி "என்னாச்சு, என்னாச்சு" என்று கேட்டாரே தவிர உள்ளே கால் வைக்கவில்லை.

அக்கா அணைக்க மறந்துவிட்டாள் என்று அவர் முதலில் சொன்னார். அவள் சத்தம் போட்டதைப் பக்கத்து வீட்டு டிரைவரும் கேட்டிருக்கிறார் என்று தெரிந்ததும், நான்தான் துணியோடு போகும்போது கை பட்டுப் போட்டிருப்பேன் என்று மாற்றிச் சொல்கிறார். வீட்டில் இருந்தது மூன்று பேர். ஒருத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தாள். நான் போடவில்லை. அன்று மதியமே ஹீட்டரைக் கழற்றிக்கொண்டு போகப் பழைய சாமான்காரரை அவர் கூட்டிவந்தார். மனைவி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அப்படி என்ன அவசரம்? நான் குளியலறையை வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "அந்தச் செருப்புதான்மா காப்பாத்தியிருக்கு" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்குள் செருப்புக் காலை வைக்கவே விடாதவள் அக்கா. கேஸ் கொண்டுவருகிறவரைக்கூட வாசலிலேயே கழற்றச் சொல்வாள். ட்ரிப்பரை எடுத்துவிட்ட அந்த வாரம்தான் அந்தச் செருப்பை வாங்கிவந்து குளியலறைக் கதவுக்குப் பின்னால் வைத்தாள், கேட்டதற்குத் தரை வழுக்குகிறது என்றாள். எல்லாவற்றையும் சந்தேகப்படும் நான் அதை மட்டும் நம்பினேன்.

நாளை அக்காவை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். அழைத்துப் போக அத்தான் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நேற்று மாலை நான் அக்காவிடம், "குளிக்கும்போது எதுக்குக்கா செருப்பு?" என்று நேராகவே கேட்டேன். அவள் கதவுப் பக்கம் பார்த்தாள். "அவர் வெளியில நிக்கிறாரா பாரு" என்றாள். யாரும் இல்லை என்றேன். அதன் பிறகு கட்டுப் போட்ட கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு வரும்போது அந்தச் செருப்ப மறக்காம கொண்டு வாடி" என்றாள்.

கொண்டுபோகவில்லை. அந்த நீலச் செருப்பையும் குளியலறைச் சாவியையும் இத்துடன் ஐயாவிடம் ஒப்படைக்கிறேன்.

எழுதியதை ஐயா படித்துக் காட்டினார். நான் சொன்னதுதான் இருக்கிறது, சொல்லாதது எதுவும் இல்லை. யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ நான் இதைச் சொல்லவில்லை.

(ஒப்பம்)
காயம்பட்டவரின் தங்கை