ஊருணிக் கரையில் ஒரு பித்தளைக் குழாய்

2024 மே பதினான்காம் தேதி மதியம், வாலிநோக்கத்துக்கு வடக்கே எங்கள் ஊர் ஊருணிக் கரையில் என் உப்பு லாரி நின்றது. அதன் என்ஜினுக்கு அடியில், ஆயில் தேங்கும் சம்ப்பில், ஒரு பித்தளைக் குழாய் இருந்தது. அதை ஏன் வைத்தேன் என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் சார்.

உப்பளத்தில் ஓடும் வண்டியின் அடிப்பாகம் சீக்கிரம் அரித்துவிடும். ஆயில் இறக்கும் நட்டின் மரை போய், வீட்டு வாசலெல்லாம் கறுப்புச் சொட்டு. எனக்கு அழுக்கு ஆகாது. ராமநாதபுரத்தில் மெக்கானிக் சதக், நட்டு இருந்த இடத்தில் குழாயைப் பற்றவைத்துக் கொடுத்தார். "இனி ஸ்பேனர் வேணாம்ணே, திருகுனா ஊத்தும். கல்லு மேல மட்டும் ஏத்திராதீக" என்றார். அன்று எனக்கு வேறு எண்ணம் இல்லை. ரப்பர் ஹோஸை நான் பிறகுதான் வாங்கினேன்.

சுற்றுவட்டாரத்தில் நல்ல தண்ணீர் எங்கள் ஊருணியில் மட்டும்தான். உப்பளக் குடியிருப்புக்காரர்கள் குடத்தோடு கரையில் நிற்பார்கள். எங்கள் தெருப் பெண்கள் மொண்டு ஊற்றுவார்கள். யாருக்கும் குறை இருந்ததில்லை. பிறகு அதிகாரிகள் வந்து, எல்லோரும் இறங்கி மொள்ளலாம் என்றார்கள். முதலில் இறங்கியவள் இருளம்மாள், என் லாரிக்கு உப்புச் சுமப்பவள். செருப்பைக் கரையில் விட்டு, கால் நனையாமல் குனிந்து, முறைப்படிதான் மொண்டாள். அன்று வீட்டில் நான் குடித்த தண்ணீர் வாந்தியாக வந்தது.

இறங்காதே, முன்போல் கரையிலேயே நில் என்று அவளிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

"நாங்க மிதிச்ச உப்பத்தான மொதலாளி உங்க வீட்டுக் கொழம்புல போடுறீக? அது மட்டும் தொண்டையில எறங்குதாக்கும்?"

கூட நின்ற பெண்கள் சிரித்தார்கள். உப்பு வெயிலில் காய்கிறது. தண்ணீர் அப்படியா?

லாரிக்கு அடியில் படுத்திருப்பவனை யாரும் சந்தேகப்படுவதில்லை. அந்த மே மதியம் குழாயில் ஹோஸை மாட்டி, மறுமுனையைக் கல்லிடுக்கு வழியாக ஊருணிக்குள் விட்டிருந்தேன். அப்போது இருளம்மாள் குனிந்து பார்த்தாள்.

"வண்டி மக்கர் பண்ணுதா மொதலாளி? இந்த வெயில்ல கெடக்கீகளே. இந்தாங்க, ஒரு வாய் தண்ணி குடிங்க."

சொம்பை நீட்டினாள். விரல்களில் உப்பு அறுத்த வெடிப்புகள். வேண்டாம் என்றேன். அவள் போனதும் குழாயைத் திருகினேன்.

தானாக ஒழுகியது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சதக் வேலை சுத்தம்; ஒரு சொட்டு ஒழுகாது. நான்தான் திறந்தேன்.

எங்கள் தெருவுக்கு இப்போது டேங்கர் வருகிறது. குடியிருப்புக்குப் பாதை குறுகல், போவதில்லை. இருளம்மாள் உவர்க்கிணற்றில் இறைக்கிறாள். ஊருணியில் கறுப்பாக ஆயில் ஆடை படர்ந்திருக்கிறது. யாருடைய குடமும் அதில் இறங்குவதில்லை. சுத்தமாக இருக்கிறது, சார்.