டிஞ்சர் மட்டும் வேணாம்

எழுபதுகளில் ஒரு காலை. தாம்பரத்திலிருந்து வந்த மின்சார ரயில் பல்லாவரத்தை விட்டுக் கிளம்பும்போது ஓடிவந்து ஏறிய ஒரு பெண்ணின் விரலை வாசல் தகரம் கிழித்துவிட்டது. என் பக்கத்தில் இருந்த டீச்சர் பையிலிருந்து டிஞ்சர் பாட்டிலை எடுத்ததும் அவள் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"டிஞ்சர் மட்டும் வேணாம் டீச்சர்."

"கொஞ்சம்தாம்மா எரியும்."

"எரிச்சலுக்கு இல்லே. ஆஸ்பத்திரில டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கப் போய்க்கினு கீறேன். கழுத்துல இந்தக் கட்டி கீதே, அதுக்கு. போன தபா கால் காயத்துல டிஞ்சர் தடவிக்கினு போய்ட்டேன். ரத்தத்துல அயோடின் எவ்ளோ கீதுன்னுதான் பாக்குறாங்களாம்; டிஞ்சர்ல கீற அயோடினும் கலந்து டெஸ்டே தப்பாப் பூட்ச்சாம். டாக்டரம்மா கத்துனாங்க."

டீச்சர் பாட்டிலை மூடிவிட்டுத் தன் கூஜாத் தண்ணீரால் காயத்தைக் கழுவி, கைக்குட்டையால் கட்டினார்.

"மூஞ்சியெல்லாம் வெளுத்திருக்கே, சாப்பிட்டியா?"

"வெறும் வயித்தோட வரச் சொன்னாங்க. சர்க்கரையும் பாக்கணுமாம்."

"இப்படித் தனியாவா வருவே? வீட்டுக்காரர் எங்கே?"

"அவருக்கு இது சீக்கே இல்லே டீச்சர், சோம்பேறித்தனம். மாமியாருக்கும் அப்டித்தான். துணி தோய்க்கும்போது மூச்சு வாங்குதுன்னா நடிக்கிறேன்றாங்க."

கைக்குட்டையில் சிவப்பு பரவியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சை இன்னும் இறுக்கினாள்.

"நான் சொன்னா யாரும் நம்பல. இன்னிக்கு ரத்தம் சொல்லட்டும்."