ஓடைக்காக மூடிய குழாய்

ஈரச் செருப்போடு நடப்பது எனக்கு அறவே பிடிக்காது. விரலிடுக்கில் சேறு நசநசவென்று ஏறிவிட்டால் அன்றைக்குச் சோறுகூட இறங்காது. ஆனால் எனக்கு வாய்த்த வேலை சேற்றில்தான். நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். நாற்பது தாண்டி எழுத்துப் படித்தவன் நான். எழுத்தில் பிழை இருக்கும், விஷயத்தில் இருக்காது.

காற்றாலையின் இறக்கை தூரத்தில் சுற்றும்போது நீங்கள் பார்த்திருப்பீர்கள். கிழடு தட்டியதும் அது எங்கள் யார்டுக்கு வந்துவிடும். தரையில் கிடத்தினால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அறுபது எட்டு நடக்க வேண்டும். கண்ணாடி நாரையும் பசையையும் சேர்த்து இறுக்கிய சாமான். மக்காது. உருகாது. எரித்தால் நாலு தெருவுக்கு மூச்சு முட்டும். பழைய சாமான் எடுப்பவன்கூடத் தொடமாட்டான். துண்டு துண்டாக அறுத்துக் குழியில் போட்டு மூடுவதுதான் எங்கள் யார்டில் தெரிந்த ஒரே வழி.

அறுப்பவன் என் தங்கை புருஷன். வாய் ஓயாமல் பேசுவான் என்பதால் ரம்பம் கைக்கு வரும் முன்பே அவனுக்கு ரம்பம் என்று பேர். அவன் அறுக்கும் இடத்தில் தண்ணீர் பீய்ச்சுவது என் வேலை. தண்ணீர் பட்டால் தூள் பறக்காது, வெள்ளைச் சேறாக வழிந்துவிடும்.

அந்தச் சேறு சரிவில் இறங்கி ஓடையில் கலந்தது. கீழே குடியிருப்பவர்கள் ஒருநாள் செத்த மீன்களை வாளியில் கொண்டுவந்து மேஸ்திரியின் மேசைமேல் கொட்டினார்கள். அன்றிலிருந்து சேறு ஒரு சொட்டுக்கூட வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. வழித்து டிரம்மில் நிரப்பி, மேட்டிலிருக்கும் குழிக்குச் சுமக்க வேண்டும். யார் சுமப்பது? நான்தான். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

தங்கை வேறு மாதிரி சொல்லியிருப்பாள், அதையும் எழுதிவிடுகிறேன். அந்த ரம்பம் முதலில் எனக்கு வருவதாகத்தான் இருந்தது. மேஸ்திரி என் கையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கை ஆடுதுண்ணே, மாப்பிள்ளை பிடிக்கட்டும்" என்றார். எனக்கு வருத்தமே இல்லை. கை ஆடவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் இருந்தால்தானே சேறு? ஒரு திங்கட்கிழமை குழாயை மூடினேன்.

"மச்சான், தண்ணி வரலியே?" என்று கத்தினான்.

"ஓடை கெட்டுப்போகுதுன்னு நிறுத்தச் சொல்லிட்டாங்க மாப்ளே. சும்மா அறு."

"மூஞ்சியெல்லாம் மாவு அப்புது மச்சான்."

"கல்யாணத்தன்னைக்கு அப்புனதைவிடவா?"

சிரித்தான். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அறுத்தான். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நானாகச் செய்ததுதான். ஆனால் பலனைப் பாருங்கள். வேலை சுருக்காக முடிந்தது, மேஸ்திரி கண்டுகொள்ளவில்லை. பரிசோதனைக்கு வந்த அதிகாரி ஓடைத் தண்ணீரைக் குப்பியில் பிடித்து, வெயிலில் தூக்கிப் பார்த்து, என் முதுகில் தட்டிக்கொடுத்தார். தண்ணீர் விட்டுத்தான் அறுக்கிறோம் என்று நினைக்கட்டும் என, அவர் வரும் நாட்களில் மட்டும் குழாயைத் திறந்துவைப்பேன். என் முதுகில் அதற்கு முன் யாரும் தட்டியதில்லை. ஓடையைக் காப்பாற்றியவன் யார் என்று கேட்டால், நான்தான்.

அந்த மாதம் கம்பெனி ஆட்கள் வந்து பம்பு அறையில் போர்டு மாட்டினார்கள். "தண்ணீர் இல்லாமல் அறுக்காதே. இந்தத் தூள் நுரையீரலுக்கு எமன்." ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். யார்டில் படிக்கத் தெரிந்த மற்றவர்கள் இரண்டே பேர். கிரேன்காரர் தன் கண்ணாடி அறையை விட்டு இறங்கமாட்டார், மேஸ்திரி அந்தப் பக்கமே வரமாட்டார். மாப்பிள்ளைக்கு எழுத்து தெரியாது.

"என்ன மச்சான் எழுதியிருக்கு? உங்களுக்குத்தான் இந்த வயசுல படிப்பு ஏறிடுச்சே."

"இங்க சிகரெட் பிடிக்கக் கூடாதாம்."

பற்றவைத்திருந்ததை அப்போதே மிதித்து அணைத்தான். அதற்குப் பிறகு யார்டில் அவன் சிகரெட்டைத் தொடவில்லை. சொல்பேச்சு கேட்பவன். அந்த வகையில் அவன் உடம்புக்கு நான் நல்லதும் செய்திருக்கிறேன்.

நான் தூள் பறந்து வராத, காற்று வரும் பக்கமாக உட்கார்ந்துகொள்வேன். பழக்கம், வேறொன்றுமில்லை.

இரண்டாம் வருடம் அவனுக்கு இருமல் பிடித்தது. அவன் சட்டையைத் துவைத்தால் கையெல்லாம் அரிக்கிறது என்றாள் தங்கை. தனியாக ஊறவை என்றேன். மூன்றாம் வருடம் பேச்சு குறைந்தது. பாதி வாக்கியத்தில் நின்று மூச்சு வாங்குவான். யார்டே அமைதியாகிவிட்டது. எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்றால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். மூக்கில் குழாயோடு படுத்திருந்தான்.

"அந்த இறக்கை சுத்துறப்ப... ஊருக்கே கரண்ட் குடுத்துச்சு மச்சான். செத்த பிறகு... என் காத்தைப் பிடுங்கிக்கிச்சு."

"பேசாம படு மாப்ளே."

தங்கை வெளி வராந்தா வரை என் பின்னாலேயே வந்தாள். "தண்ணி விட்டு அறுத்தாரான்னு டாக்டர் கேக்குறார்ணே. பம்பு ரூமுல இருக்குன்னு அவர் சொன்ன அந்த போர்டுல என்னதான் எழுதியிருந்துச்சு?"

"சிகரெட்டைப் பத்தி."

அவள் நம்பவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண்ணை யார்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய், போர்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். உங்களிடம் இருக்கும் புகார் அதற்குப் பிறகு எழுதியது. அதைத் தப்பென்று நான் சொல்லவில்லை. போர்டில் என்ன எழுதியிருந்தது என்று தெரிந்தே மாற்றிச் சொன்னேன். தூள் என்ன செய்யும் என்று தெரிந்தே குழாயை மூடிவைத்தேன். அவன் செத்தது அதனால்தான். எழுதிக்கொடுத்துவிட்டேன், கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் குனிந்துகொண்டு போடமாட்டேன். ஒருவன் நெஞ்சா, ஓர் ஊரின் ஓடையா என்றால் நீங்களும் ஓடையைத்தான் சொல்வீர்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. அவனை அடக்கம் செய்த மறுவாரம் மேஸ்திரி ரம்பத்தை என்னிடம் கொடுத்தார். முதல் இறக்கையைக் கிடத்தினார்கள். நான் பம்பு அறைக்குப் போய்க் குழாயைக் கடைசிச் சுற்று வரை திறந்துவிட்டு வந்தேன். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முகமூடி கட்டிக்கொண்டு அறுத்தேன். டிரம் வைக்க ஆளில்லை. வெள்ளைச் சேறு சரிவில் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. சாயங்காலம் வரை ஓடை என் நினைவுக்கே வரவில்லை.