பத்துக்கு ஒன்று

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால்தான் விண்ணப்பம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நான் கணிதம் சொல்லிக்கொடுக்க வந்தவன். ஆனால் நம்முடைய நாகர்கோயில் கல்லூரியில் இண்டர்மீடியட் வரைக்கும்தான் படிக்கலாம். அதற்குமேல் ஆசைப்படுகிற பிள்ளைகள் திருவனந்தபுரத்துக்கோ மதராஸுக்கோ எழுதிப்போட வேண்டும். கடற்கரை ஊர்களுக்குத் தபால் ஒழுங்காகப் போய்ச் சேராது. ஆகவே பதில் விலாசமாக என் பெயரையே எழுதிவிடுவேன். ஞானதாசன், கணித ஆசிரியர். பதினெட்டு வருஷமாக அப்படித்தான் நடந்தது. பிரின்சிபால் ஐயாவுக்கும் கமிட்டியில் உள்ள உங்கள் எல்லாருக்கும் இது தெரிந்ததுதான்.

எழுதிக்கொடுப்பதோடு நான் நின்றிருக்கலாம். பெற்றோர் விடமாட்டார்கள். "சாரே, பயலுக்குக் கிட்டுமா?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள். மார்க்கைப் பார்ப்பேன். பையனிடம் இரண்டு கேள்வி கேட்பேன். எத்தனை இடம், எத்தனை பேர் கேட்பார்கள் என்று கணக்குப் பார்த்து, பத்துக்கு எட்டு, பத்துக்கு நாலு என்று சொல்லிவிடுவேன். புதுக்கடை ஊரில் கொப்பரை வியாபாரம் செய்கிற ராஜையன், பத்துக்கு இரண்டு என்று நான் சொன்னதும் மகனைக் கடையில் உட்காரவைத்தார். மறு வருஷம் ஒரு குலை மட்டிப்பழத்தோடு வந்து, பையனுடைய ஒரு வருஷத்தைக் காப்பாற்றினீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டார். நடக்காத ஒன்றுக்குக் காத்திருக்க வைப்பதைப்போலக் கொடுமை வேறில்லை. இது என் நம்பிக்கை. இன்றைக்கும் அதுதான்.

ததேயுஸ் குளச்சல் கடற்கரைப் பையன். தகப்பன் கட்டுமரத்தில் போய்த் திரும்பாதவன். தாய் மிக்கேலம்மாள் மீன் கூடை சுமந்து அவனைப் படிக்க வைத்தாள். கடலுக்குப் போகிற வயசு வந்தபோது அவனுடைய மாமன்மார் கூப்பிட்டார்கள், அவள் அனுப்பவில்லை. கடல் தண்ணீரில் கால்கூட நனைக்காமல் வளர்த்தேன் என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள். பையன் கெட்டிக்காரன், அதை நான் மறுக்கவில்லை. ஒருநாள் கரும்பலகையில் நான் போட்ட கணக்கில் மூன்றாவது வரி தப்பு என்று எழுந்து சொன்னான். மரியாதையாகத்தான் சொன்னான். தப்புதான். அழித்துவிட்டு மேலே நடத்தினேன். இதை இங்கிலீஷ் நடத்துகிற சுந்தரராஜ் உங்களிடம் சொல்லியிருப்பார். அதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை.

முப்பத்தொன்றாம் வருஷம் அவன் மதராஸில் கணித ஆனர்ஸ் வகுப்புக்கு எழுதிப்போட வேண்டும் என்றான். மொத்தமே பன்னிரண்டு இடம். வக்கீல் வீட்டுப் பிள்ளைகளும் ஜட்ஜி வீட்டுப் பிள்ளைகளும் போட்டி போடுகிற இடம். இவனுக்கோ இங்கிலீஷ் வாய்க்குள் மீன்முள் போலச் சிக்கும். ஆசிரியர்கள் உட்காரும் அறையில், எல்லோரும் கேட்க, பத்துக்கு ஒன்று என்று சொன்னேன்.

சுந்தரராஜ் சிரித்தார். "ஓய், இந்தத் தடவை நீரு தோத்துப்போவீரு. இவனுக்குக் கிட்டாட்டா வேற யாருக்கு வே கிட்டும்?" என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். அன்று சாயங்காலமே விண்ணப்பத்தைத் திருத்தமாக எழுதி, ஒரு எழுத்துப் பிசகாமல் தபாலில் சேர்த்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவனுக்கு எதிராக நான் ஒரு வரிகூட எழுதியதில்லை.

ஆனி மாதம் பதில் வந்தது. ததேயுஸைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், ஜூலை ஆறாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும் என்று இருந்தது. நான் அதை இரண்டு தடவை வாசித்து, மடித்து, மேஜையின் கீழ் இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். கிழிக்கவில்லை. அடுத்தவர் கடிதத்தைக் கிழிக்கிறவன் அல்ல நான். யோசிக்க நேரம் வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய பட்டணத்தில், அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில், இவன் ஒரு மாசம் தாங்குவானா? அழுதுகொண்டு திரும்பி வந்தால் அந்தத் தாய் என்ன ஆவாள்? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன்.

வாரத்துக்கு இரண்டு நாள் அவன் குளச்சலிலிருந்து நடந்தே வருவான். பன்னிரண்டு மைல், மழைவேறு. வாசலுக்கு வெளியே நின்று வேட்டியைப் பிழிந்துவிட்டு, "கடிதாசு வந்துதா சாரே?" என்பான்.

"இல்ல மக்கா" என்பேன்.

"சரி சாரே. வியாழக்கிழமை வாறேன்."

ஒரு தடவை அவன் முகம் மிகவும் வாடியிருந்ததால் உட்காரச் சொல்லி, காப்பி வரவழைத்துக் கொடுத்து, அவனுக்காக ஜெபம் பண்ணினேன். உம்முடைய சித்தப்படி ஆகட்டும் ஆண்டவரே என்றுதான் பண்ணினேன். அவன் கத்தோலிக்க வேதக்கோயில்காரன், நான் மிஷன் சபைக்காரன். இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜெபம் முடிகிறவரைக்கும் என் முழங்கால் அந்த இழுப்பறையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஜூலை ஆறாம் தேதி கழிந்தது. பத்தாம் தேதி அவன் வந்தபோது, இனி வராது, கிட்டவில்லை என்று சொன்னேன். அப்போது அது உண்மையாகவே இருந்தது. "நீங்க முந்தியே சொன்னியளே சாரே. நாந்தான் கேக்கல்ல" என்றான். அடுத்த வருஷமும் எழுதலாமா என்று கேட்டான். வேண்டாம், தாயைப் பார் என்றேன். எனக்குத் தெரிந்த எந்த ஆசிரியரும் அந்த இடத்தில் அதைத்தான் சொல்லியிருப்பார்.

அவன் தாயைப் பார்க்கத்தான் போனான். மாமன்மாரோடு கட்டுமரத்தில் ஏறினான். ஆடி மாதத்துக் கடல். மற்றப் பையன்கள் நாலு வயசில் அலைக்குள் விழுந்து எழுந்து படித்ததை அவன் பத்தொன்பது வயசில் படிக்க வேண்டியிருந்தது. ஆறாவது நாள் மரம் கவிழ்ந்தது. மாமன்மார் இருவரும் நீந்திக் கரைசேர்ந்தார்கள். அவனை மூன்றாம் நாள் தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்தில், ஆறு கடலில் விழுகிற இடத்தில், கண்டெடுத்தார்கள்.

அடக்கத்துக்குப் போனேன். போகாமல் இருந்தால் நன்றாயிராது. முப்பதாம் நாள் பூசை கழிந்து மிக்கேலம்மாள் என்னைப் பார்க்க வந்தாள். கூடை இல்லாமல் அவளை அன்றுதான் பார்த்தேன். வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"சாரே, ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்லணும்" என்றாள். "எம்புள்ளைக்கு அந்த அளவுக்கு மூளை இல்லியா? சின்னதிலேயே கடலுக்கு விட்டிருந்தா நீந்தப் படிச்சிருப்பான். நாந்தான் பேராசப்பட்டு அவனைக் கொன்னுட்டனா?"

நான் அவளுக்கு நல்ல பதில்தான் சொன்னேன். "உன் மேல குத்தம் இல்ல அம்மா. அவனுக்கு ஆண்டவர் கொடுத்த அளவு அவ்வளவுதான்" என்றேன். அவள் என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகும் வருகிறாள். வருஷாவருஷம் அவனுடைய நினைவு நாளுக்கு முந்தின நாள் வந்து, அந்தப் படியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவாள்.

நாலு வருஷம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இந்த வருஷம் சுந்தரராஜ் வேறொரு பையனுக்காகத் தாமே மதராஸுக்கு எழுதினார். பதில் எழுதிய பேராசிரியர், முப்பத்தொன்றில் உங்கள் கல்லூரியிலிருந்து எங்கள் பட்டியலில் முதலாவதாக வந்த ததேயுஸ் என்ற மாணவன் ஏன் வந்து சேரவில்லை என்று விசாரித்திருந்தார். அந்தக் காகிதத்தோடு சுந்தரராஜ் என் முன்னால் வந்து நின்றார். நான்தான் அவரை உட்காரச் சொன்னேன். இழுப்பறைச் சாவியையும் நானே கொடுத்தேன்.

மேஜையில் இருந்தது ஒரு கடிதம் அல்ல, ததேயுஸுடையதோடு சேர்த்து நாலு. அதையும் என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்று ராஜபாய்க்கு வைத்தியப் படிப்புக்காக வந்தது. பத்துக்கு இரண்டு என்று சொல்லியிருந்தேன். அவள் இப்போது மூன்று பிள்ளைகளோடு நன்றாக இருப்பதாகக் கேள்வி. ஒன்று பொன்னுலிங்கத்துக்கு, அவன் இலங்கையில் தேயிலைத் தோட்டத்துக்குப் போனான், பிறகு தகவல் இல்லை. இன்னொன்று ராஜையன் மகனுடையது; அவனுக்கும் விண்ணப்பம் போட்டிருந்தேன். அவனைக் கடையில் உட்காரவைத்து மூன்று வாரம் கழித்து வந்தது. அப்பா மகன் இருவரும் நிம்மதியாக இருந்த நேரத்தில் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நாலையும் மறைத்தவன் நான்தான். வேறு யாருக்கும் தெரியாது. கல்லூரித் தபாலை வாங்கி வைக்கிற எழுத்தர் மேல் சந்தேகப்பட வேண்டாம்.

என்னை வேலையிலிருந்து நீக்குங்கள். போலீசில் சொல்ல வேண்டுமானால் சொல்லுங்கள். நான் ஆட்சேபம் சொல்லப்போவதில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன். மிக்கேலம்மாளுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை. மகன் போன பிறகு நம்புவதற்கு அவளுக்கு என்னை விட்டால் வேறு ஆள் இல்லை.