பின்சக்கரத்துக்கு மட்டும்

“நெல் லாரி ஒண்ணு பக்கத்துல போனா போதும், நீங்க சைக்கிளோட வயல்ல கெடப்பீங்க.”

ஆரணியிலிருந்து போளூர் போகும் பேருந்தில், என் முன்சீட்டில் இருந்த பெண் தன் கணவரிடம் இப்படிச் சொன்னார். கணவர் பட்டு நெசவு செய்கிறவர். தன் ரேஸ் சைக்கிளுக்கு நல்ல ஆழமான, பக்கவாட்டில் பட்டையாக அகலமாக இருக்கும் அலுமினிய ரிம் பார்த்து, போனில் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

“எதிர்க்காத்தைக் கிழிச்சிகினு போவும்டி இது.”

“பக்கத்துக் காத்து தள்ளும்னு நீங்கதானே சொன்னீங்க? நீங்க இருக்கறதே நாப்பத்தெட்டு கிலோ.”

இந்த ரோட்டில் லாரிகள் வரும் வரத்து எனக்குத் தெரியும்.

“முன்சக்கரம்தான் காத்துல திரும்பும். பின்னால பயமில்ல.”

“அப்ப பின்னால மட்டும் போடுங்க. முன்னால பழசே இருக்கட்டும்.”

“ரெண்டும் ரெண்டு மாதிரியா? பாக்கறவன் சிரிப்பான்.”

“உடலு ஒரு மாதிரி, முந்தி ஒரு மாதிரி நெய்யறீங்களே, அந்தப் புடவையைப் பாத்து எவன் சிரிச்சான்?”

அவர் போனில் படத்தை மூடினார். பிறகு சைக்கிள் கடைக்குப் போன் போட்டார்.

“அண்ணே, அந்த ஆழமான ரிம் பின்சக்கரத்துக்கு மட்டும் போதும். ஆமா, வீட்ல சொன்னாங்க.”

கடைக்காரர் ஏதோ கேட்டிருக்க வேண்டும். இவர் சிரித்தார்.

“இல்லண்ணே, அவங்களுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. நான் திரும்பி வர்ற வரைக்கும் வாசல்லயே நின்னுகினு இருப்பாங்க, அவ்ளோதான்.”