அத்தைக்குக் காளான் வறுவல்

சிங்கப் பிடரி மாதிரி இருக்கும் லயன்ஸ் மேன் காளானைக் கத்தியால் வெட்டக் கூடாது, கையால் பிய்க்க வேண்டும். தண்ணீரைப் பிழிந்துவிட்டு, முதலில் எண்ணெய் இல்லாமல் வதக்கி, பிறகு வெண்ணெய், பூண்டு, மிளகு. உதிர்த்த நண்டு மாதிரியே இருக்கும். அத்தைக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஞாபகசக்திக்கு நல்லதாம் என்று உலு திராம் சந்தையிலிருந்து உன் அம்மாவுக்கு முதலில் வாங்கி வந்தவளே நீதான், சூசன். மத்தியானத்தில் அம்மா அழும் சத்தம் பக்கத்து வீடுவரை கேட்கிறதாமே என்று போனில் கேட்டாய். மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

என் புருஷன், உன் அண்ணன் ரொனால்ட், சிங்கப்பூர் வேலைக்குப் போகும் வழியில் எல்லைப் பாலத்தில் லாரி மோதி இறந்தார். அடக்கத்தன்று ஃபாதர், சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்க்க, "என் புள்ளைய முழுங்கிட்டியேடி" என்று உன் அம்மா என்னை நோக்கிக் கையை நீட்டினார். யாரும் தடுக்கவில்லை. நீயும்தான்.

பிறகு அவருக்கு மறதி வந்தது. மகன் இறந்ததும் மறந்தது, என்மேல் பழி சொன்னதும் மறந்தது. சாயங்காலமானால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இன்னும் வரலியே" என்பார். "பாலத்துல டிராபிக் ஜாம்மா, வந்துருவான்" என்று சொல்லச் சொல்லி எல்லாருக்கும் நீதான் கற்றுக்கொடுத்தாய். என்னைக் கண்ணு என்று கூப்பிட்டுத் தலையைத் தடவுவார். எனக்கு வயிறு எரியும். சொன்னவர் நிம்மதியாகத் தூங்க, கேட்டவள் விழித்துக் கிடப்பது என்ன நியாயம்?

அதனால் தினமும் மத்தியானம் சோறும் காளானும் ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, "ரொனால்ட் செத்துட்டாரு அத்தை" என்று சொல்வேன். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. முதல் தடவை கேட்பவர் போலத்தான் அழுவார். சாயங்காலம் மறந்துவிட்டு மறுபடி வாசலுக்குப் போவார். ஞாபகம் வரட்டும், ஒரு மன்னிப்புக் கேட்கட்டும், அதோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

நேற்று நான் வாய் திறக்குமுன் அவரே தட்டை ஒதுக்கினார்.

"ரொனால்ட் போயிட்டான்ல, ஜாக்லின்? அன்னைக்கு உன்ன சொல்லக் கூடாதத சொல்லிட்டேன். மன்னிச்சிரு கண்ணு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் மெதுவாகக் கையை விடுவித்தேன். "யாரு சொன்னா அத்தை? பாலத்துல ஜாம் லா. இப்பதான் போன் பண்ணாரு."

அந்த முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார்.

இன்று மத்தியானம் மறுபடி சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது காளான் வாங்கி வா, சூசன். வீட்டில் தீர்ந்துவிட்டது. இப்போதுதான் அத்தைக்குக் குணம் தெரிகிறது.